பல் பார்க்காமல் பிடிக்கும் விரல்

புதிய கார் ஒன்றை நல்ல விலைக்கு வாங்குவது வாங்குபவரின் பேரத் திறமையைப் பொறுத்தது என்னும் கருத்து கம்பம் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய எதிர்ப்பேச்சின்றி நிலவுகிறது. குச்சனூரிலோ சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ ஒரு வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்தால், முதலில் தேடப்படுவது விலை விவரம் அன்று; பேசத் தெரிந்த ஒரு மாமாவோ சித்தப்பாவோதான். அவர் உடன் வந்தால் இருபதாயிரமாவது குறையும், வராவிட்டால் கடைக்காரன் தலையில் கட்டிவிடுவான் என்று வீட்டார் உறுதியாக நம்புகின்றனர். கார் வாசலுக்கு வந்த பிறகு ஊரார் கேட்கும் முதல் கேள்வியும் “எவ்வளவு குறைச்சீங்க?” என்பதே தவிர, “எல்லாம் சேர்த்து எவ்வளவு கொடுத்தீங்க?” என்பது அன்று. இக்கருத்து உண்மைக்கு மாறானது என்பதோடு, விற்பவருக்கு வசதியாகவும் ஏமாந்தவர் மீதே பழி சுமத்துவதாகவும் இருக்கிறது. ஆகவே அது வேரிலிருந்து மறுக்கப்பட வேண்டும்.

பேரத்தின் மீதான இந்த மதிப்பு மாட்டுச் சந்தையிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. தமிழகத்துச் சந்தைகளில் தரகர் தம் தோள்துண்டை இருவர் கைகளின் மீதும் போர்த்தி, அதன் அடியில் விரல்களைப் பற்றியும் விடுவித்தும் விலை சொல்வார். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டின் அசைவு மட்டுமே தெரியும். பார்ப்பவர் மனத்தில் தங்குவது இந்தக் காட்சி என்பதால், மாடு வாங்கும் திறமை முழுவதும் அந்தத் துண்டுக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் மாட்டைப் பற்றி அறிந்த எந்தக் குடியானவரும் விரலைக் கொடுப்பதற்கு முன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார்: இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று எண்ணி வயதைக் கணிக்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிக்கிறார். விலையின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது, துண்டுக்குள் நடப்பது மிச்சம் மட்டுமே. கார் விற்பனைக் கூடத்துக்குள் நுழையும் அதே குடும்பம், பல் பார்க்கும் பகுதியைச் சந்தையிலேயே விட்டுவிட்டு விரல் பிடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துச் செல்கிறது என்பதே இங்குள்ள குறை.

ஒரு புதிய காரின் விலை எவ்வாறு அமைகிறது என்பதைப் பார்த்தால், பேச்சுக்கு எட்டும் பகுதி எவ்வளவு குறுகியது என்பது விளங்கும். எக்ஸ் ஷோரூம் விலை எனப்படுவது தயாரிப்பு நிறுவனம் நிர்ணயித்து, சரக்கு மற்றும் சேவை வரியையும் சேர்த்து அறிவிக்கும் விலை. இதை விற்பனைக் கூடத்து மேலாளர் தம் விருப்பப்படி மாற்ற முடியாது. இவ்விலையைப் பெரிதாக அசைக்கும் ஆற்றல் அரசிடம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று, நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1200 சிசி திறனுக்கும் மேற்படாத பெட்ரோல் கார்களுக்கான வரி, 28 விழுக்காடும் அதற்கு மேல் ஒரு விழுக்காடு கூடுதல் தீர்வையும் என்ற நிலையிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 5 லட்சம் ரூபாயாக உள்ள ஒரு காருக்கு இது 6,45,000 ரூபாயிலிருந்து 5,90,000 ரூபாயாக இறங்கும் கணக்கு. ஒருவரும் வாய் திறவாமலே 55,000 ரூபாய் குறைந்தது. அதற்கு முந்தைய வாரத்தில் கார் எடுத்த எந்தச் சாமர்த்தியசாலியும் தம் பேச்சால் இத்தொகையை ஈட்டியிருக்க முடியாது.

எக்ஸ் ஷோரூம் விலைக்குக் கீழே தரப்படும் தள்ளுபடியாவது பேரத்தின் பயன் அல்லவா என்று கேட்கலாம். இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை இந்தியப் போட்டி ஆணையத்தின் ஓர் ஆணையில் இருக்கிறது. சந்தையில் நிறுவனங்கள் போட்டியை முடக்காதபடி கண்காணிக்கும் இந்தச் சட்ட அமைப்பு, 2021 ஆகஸ்டில் மாருதி சுசூகி நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தள்ளுபடிக் கட்டுப்பாட்டுக் கொள்கை ஒன்றின் வழியாக, நிறுவனம் அனுமதித்த அளவுக்கு மேல் எந்த விற்பனையாளரும் வாடிக்கையாளருக்கு விலை குறைக்கவோ இலவசப் பொருள் தரவோ கூடாது என்று தடுக்கப்பட்டதாக ஆணையம் முடிவு செய்தது. அந்தத் தடையை மீறுபவர்களைப் பிடிக்க, கார் வாங்க வந்தவர்களைப் போல் நடிக்கும் ஆட்கள் முகவர் நிறுவனங்கள் மூலம் விற்பனைக் கூடங்களுக்கு அனுப்பப்பட்டனர் என்றும், அவர்கள் ஒலி, ஒளிப் பதிவுகளோடு திரும்பினர் என்றும், கூடுதலாகக் குறைத்த கூடத்துக்கு மட்டுமன்றி அங்குள்ள விற்பனை ஊழியர், மேலாளர் ஆகியோருக்கும் அபராதம் விதிக்கப்பட்டது என்றும் ஆணை விவரிக்கிறது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதே ஆண்டு நவம்பரில் இந்த அபராதத்தை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது என்பதையும், இதே போன்ற குற்றச்சாட்டில் 2017-இல் ஹூண்டாய் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட 87 கோடி ரூபாய் அபராதம் அடுத்த ஆண்டு தீர்ப்பாயத்தில் நீக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. சட்ட முடிவு எவ்வாறு அமைந்தாலும் ஆணையம் விவரிக்கும் நடைமுறை சிந்திக்க வைக்கிறது. அப்படியொரு ஏற்பாட்டின் கீழ், எதிரில் அமர்ந்திருக்கும் இளைஞர் தம் சம்பளத்தை இழக்க அஞ்சி மறுக்கும்போது, அதைப் பேசத் தெரியாத வாடிக்கையாளரின் தோல்வி என்று குறிப்பது எவ்வளவு பெரிய பிழை! எல்லை வேறோர் ஊரில் வரையப்படுகிறது. தேனியில் நடக்கும் பேச்சு அந்த எல்லைக்குள் ஆடும் நாடகமாகிவிடுகிறது.

தள்ளுபடியின் அளவைத் தீர்மானிக்கும் மற்றொன்று நாள்காட்டி. குச்சனூரில் சுரபி நதிக்கரையில் உள்ள சுயம்பு சனீஸ்வரர் கோயிலுக்கு ஆடி மாதம் திருவிழா மாதம். அம்மாதச் சனிக்கிழமைகளில் எள் விளக்கேற்ற வரும் கூட்டத்தால் ஊர் நிரம்புகிறது. அதே ஆடியில், சுப காரியம் தொடங்கலாகாது என்னும் வழக்கத்தால், அதே பக்தர்களில் பலர் புது வண்டி எடுப்பதை ஆவணிக்குத் தள்ளிவைக்கின்றனர். மார்கழியும் அவ்வாறே ஒதுக்கப்படுகிறது. ஆங்கில ஆண்டின் கடைசி நாட்கள் மார்கழியில் விழுவதால், அவ்வாண்டுத் தயாரிப்பு வண்டிகளை ஜனவரிக்கு முன் விற்றுத் தீர்க்க விரும்பும் கூடங்களுக்கு நெருக்கடி இரட்டிப்பாகிறது. இவ்விரு மாதங்களிலும் தள்ளுபடி பெருகுவதும், ஆயுத பூசைக்கு முந்தைய வாரத்தில் அது சுருங்குவதும் யாருடைய நாவன்மையாலும் நிகழ்பவை அல்ல. நம்பிக்கையைக் கைவிட வேண்டும் என்று எவரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. ஆடியிலோ மார்கழியிலோ விலையை எழுத்தில் பெற்று முன்பணம் கட்டிவிட்டு, வண்டியை நல்ல நாளில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதற்குத் தடையில்லை. ஆண்டிறுதித் தள்ளுபடியில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பதிவுச் சான்றில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சாகும், டிசம்பரில் வாங்கிய வண்டி சில வாரங்களிலேயே முந்தைய ஆண்டு வண்டியாகிவிடும் என்பதால், அதை விரைவில் விற்க நினைப்பவருக்குத் தள்ளுபடியின் ஒரு பகுதி மறுவிற்பனையில் கரைந்துபோகும்.

இனி, எல்லோரும் புறக்கணிக்கும் அந்தக் காகிதத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். கொட்டேஷன் என வழங்கும் அந்த ஒற்றைத் தாளில் எக்ஸ் ஷோரூம் விலை, சாலை வரி, காப்பீடு, பதிவு, ஃபாஸ்டேக், துணைப் பொருள் தொகுப்பு, நீட்டித்த உத்தரவாதம், கையாளுதல் கட்டணம் என்று எட்டு, ஒன்பது வரிகள் இருக்கும். விற்பனை ஊழியர் பேனாவை எடுத்து அடியில் உள்ள கூட்டுத் தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, “இதுல உங்களுக்கு எவ்வளவு குறைக்கணும், சொல்லுங்க சார்” என்பார். பேரம் பேச வந்த மாமா அந்த வட்டத்துக்குள் விழுந்துவிடுகிறார். இருபதாயிரம் கேட்டுப் பன்னிரண்டாயிரத்துக்கு இறங்கி வெற்றிக் களிப்போடு எழும்போது, வட்டத்துக்கு மேலே உள்ள வரிகள் ஒன்றும் கேள்விக்கு உள்ளாகாமல் அப்படியே நிற்கின்றன.

அவ்வரிகள் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதை அறிவதே கார் வாங்குவதில் பல் பார்ப்பது போன்றது. சாலை வரி சட்டம் விதிப்பது. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட தமிழ்நாட்டு விகிதப்படி, 5 லட்சம் ரூபாய் வரை 12, அதற்கு மேல் 10 லட்சம் வரை 13, அதற்கு மேல் 20 லட்சம் வரை 18, அதையும் தாண்டினால் 20 விழுக்காடு ஆயுள் வரியாகச் செலுத்த வேண்டும். 9,90,000 ரூபாய் மதிப்புள்ள வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10,10,000 ரூபாய் மதிப்புள்ளதற்கு 1,81,800 ரூபாய். சன்ரூஃபுக்காகவோ அலாய் சக்கரத்துக்காகவோ ஒரு படி மேலான வகையைத் தேர்ந்தெடுத்து எல்லையைத் தாண்டுபவர், 20,000 ரூபாய் மதிப்பு வேறுபாட்டுக்கு 53,100 ரூபாய் கூடுதல் வரி கட்டுகிறார். பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையாளர் ஒரு விழுக்காடு வருமான வரியையும் முன்கூட்டியே வசூலிப்பார்; இது வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறத்தக்கது, ஆயினும் கணக்குத் தாக்கல் செய்யும் வழக்கமில்லாத பல குடும்பங்கள் அதைக் கேட்டுப் பெறுவதில்லை.

காப்பீட்டில் இரு பகுதிகள் உண்டு. விபத்தில் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீடு, உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டுக்குக் கட்டாயம். அதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. சொந்த வண்டியின் சேதத்தை ஈடுசெய்யும் பகுதியின் கட்டணமோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவது. விற்பனைக் கூடம் காட்டும் நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் விற்பனையாளர்களுக்காக வெளியிட்ட நெறிமுறைகளும் வாங்குபவரை வற்புறுத்துவதைத் தடுக்கின்றன. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் மற்றொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என வகைப்படுத்துகிறது. மிதியடியும் இருக்கை உறையும் அடங்கிய தொகுப்பு வாங்கினால்தான் வண்டி உண்டு என்பது இவ்வரையறைக்கு மிக அருகில் வருகிறது. கையாளுதல் கட்டணம் என்ற வரிக்கு எதிரே, எந்தச் சேவைக்காக என்று எழுதித் தரும்படி கேட்பதற்கு நாவன்மை தேவையில்லை. ஒரு கேள்வி போதும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை கடனில் மறைந்திருக்கிறது. ஆறு லட்சம் ரூபாய்க் கடன், ஐந்து ஆண்டு, “ஏழு பர்சென்ட் தான்” என்று சொல்லப்படும்போது, அது ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவை வட்டியா என்று கேட்பவர் குறைவு. ஃபிளாட் வட்டி என்பது, மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடும் முறை. அவ்வாறு கணக்கிட்டால் வட்டி மட்டும் 2,10,000 ரூபாய். மாதத் தவணை 13,500 ரூபாய். இத்தவணை, குறையும் நிலுவைக் கணக்கில் ஏறத்தாழ பன்னிரண்டரை விழுக்காட்டு வட்டிக்குச் சமம். வேறொரு வங்கி அதே கடனைக் குறையும் நிலுவையில் ஒன்பது விழுக்காட்டுக்குத் தருமானால் தவணை ஏறத்தாழ 12,455 ரூபாயாகும். ஐந்து ஆண்டில் வேறுபாடு 62,000 ரூபாயைத் தாண்டுகிறது. பன்னிரண்டாயிரம் குறைத்துவிட்டதாக மகிழும் குடும்பம், ஒன்பதைவிட ஏழு சிறியது என்று நம்பி இதைக் கொடுத்துவிட்டு வருகிறது. 2024 அக்டோபர் முதல், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வீதத்தைக் குறிப்பிடும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தத் தாளில் உள்ள ஓர் எண்ணைப் படிப்பவர், பேசத் தெரிந்த மாமாவைவிட வீட்டுக்கு அதிகம் மிச்சப்படுத்துவார்.

பேரத் திறமை என்னும் கருத்தில் கணக்குப் பிழையைவிடக் கொடியது அதன் அநீதி. அமெரிக்கச் சட்ட அறிஞர் இயன் அயர்சும் பீட்டர் சீகல்மனும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ வட்டாரக் கார்க் கூடங்களுக்குப் பயிற்சி பெற்ற ஆட்களை வாங்குபவர்களாக அனுப்பினர். எல்லோரும் ஒரே வார்த்தையில், ஒரே முறையில் பேரம் பேசும்படி பழக்கப்பட்டிருந்தனர். அப்படியிருந்தும் வெள்ளை ஆண்களுக்குச் சொல்லப்பட்ட விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் சொல்லப்பட்ட விலை அதிகமாக இருந்தது. பேச்சு ஒன்று, விலை வேறு: விற்பவர் எதிரில் இருப்பவரின் தோற்றத்தை மதிப்பிட்டு விலை சொன்னார். நம் ஊர்க் கூடங்களில் இப்படியோர் அளவீடு தேவைப்படாத அளவுக்கு வழக்கமே சாட்சி சொல்கிறது. தனியாக வரும் ஆசிரியையிடம் “வீட்ல சாரையும் கூட்டிட்டு வந்திடுங்க மேடம்” என்பதும், வேட்டி கட்டி வரும் திராட்சைத் தோட்டத் தொழிலாளியிடம் ரேட்டைச் சொல்வதற்கு முன் பட்ஜெட்டைக் கேட்பதும் எவருக்கும் புதிதல்ல. இவர்கள் அதிகம் கொடுத்தால், அவர்களுக்குப் பேசத் தெரியவில்லை என்று ஊர் சொல்கிறது. ஆள் பார்த்து விலை சொல்லும் முறையின் குற்றம், அதனால் இழந்தவரின் குறையாக மாற்றி எழுதப்படுகிறது; முதல் முறையாகத் தம் சம்பாத்தியத்தில் வண்டி எடுக்கும் ஒரு பெண், அந்த மகிழ்ச்சியோடு வெட்கத்தையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்க முடியாது.

பழைய காரில் மட்டுமாவது பேரமே முக்கியம் என்னும் வாதம் இன்னும் பலவீனமானது. பொருளின் குறை விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், ஐயத்தால் எல்லாவற்றையும் விலை தாழ்த்திக் கேட்பவர்கள் நல்ல பொருளை வைத்திருப்பவர்களைச் சந்தையை விட்டே விரட்டுகின்றனர் என்று ஜார்ஜ் அகர்லாப் 1970-இல் பழைய கார்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டு நிறுவினார். பிற்பாடு அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கு வேண்டியது சர்வீஸ் பதிவேடும், காப்பீட்டு இழப்பீட்டு வரலாறும், தெரிந்த மெக்கானிக்கின் கண்ணும், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-உம், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருப்பதால், விற்பவருக்கும் இது பொருந்தும்.

கேட்டால்தானே கிடைக்கும், கேட்பதில் என்ன நட்டம் என்று சிலர் இறுதியாகச் சொல்வர். கேட்பது சரியே; ஆனால் ஒரே கூடத்தில் ஒருவரிடம் நீண்ட நேரம் கேட்பதும், மூன்று கூடங்களில் ஒரே வகை, ஒரே நிறம், ஒரே தயாரிப்பு மாதம் என்று குறிப்பிட்டு வரிவாரியாக எழுத்தில் கேட்பதும் வெவ்வேறு செயல்கள். ஜெரமி புலோ, பால் கிளெம்பரர் ஆகிய பொருளியலாளர்கள் 1996-இல் காட்டியபடி, ஒருவரோடு எவ்வளவு திறமையாகப் பேரம் பேசினாலும், பொதுவாக அதைவிடப் போட்டிக்கு இன்னும் ஒருவரைக் கொண்டுவருவதே அதிகப் பயன் தரும். அவர்கள் விற்பவரை வைத்துச் சொன்னது வாங்குபவருக்கும் பெரிதும் பொருந்தும். சாலை வரி மாநிலம் முழுதும் ஒன்றே என்பதால், குச்சனூர்க்காரர் தேனியோடு நிற்க வேண்டியதில்லை. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் விலை கேட்டு, வண்டியைத் தம் முகவரியிலேயே டிஎன் 60 எண்ணில் பதிந்துகொள்ளலாம்.

இந்த உண்மையைத் தேனி மாவட்டத்துக்குக் கற்பிக்க வெளிநாட்டுப் பேராசிரியர்கள் தேவையில்லை. போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் ஏலக்காய் விற்கப்படும்போது, தோட்டக்காரர் எந்த வியாபாரியிடமும் கெஞ்சுவதில்லை, எவர் விரலையும் துண்டுக்குள் பிடிப்பதில்லை. ஒரே குவியலுக்குப் பல வியாபாரிகள் எதிரெதிராக விலை ஏற்ற, அது எல்லோர் கண்முன்னும் திரையில் தெரிகிறது. மலையில் ஒரு காணி வைத்திருப்பவருக்கும் நூறு ஏக்கர் வைத்திருப்பவருக்கும் அந்தத் திரை ஒன்றே. அதே மனிதர் ஏலத்தில் கிடைத்த பணத்தோடு கார் வாங்கக் கீழே இறங்கும்போது, வரிவாரியான முழு விலையும், அம்மாதத் தள்ளுபடியும், கடனின் உண்மையான ஆண்டு வீதமும் எழுதிய ஒரு பலகை விற்பனைக் கூடத்தின் வாசலிலேயே அவருக்குத் தெரிய வேண்டும்; ஆசிரியை வந்தாலும் தொழிலாளி வந்தாலும் அதில் ஓர் எண்ணும் மாறக் கூடாது. அதுவரை மூன்று கூடங்களின் தாள்களை வீட்டுத் திண்ணையில் பக்கம் பக்கமாக விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்க்கும் வேலை வாங்குபவருக்கே விடப்பட்டிருக்கிறது. அதைச் செய்யப் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளே போதும்.